படத்தில் காட்டப்பட்டுள்ள இடங்கள் மட்டும்

பதிவு அஞ்சல்
தலத்தெரு, காரைக்கால்
3.7.2024

திருமதி தேவிகா அவர்களுக்கு,

தங்கள் மீது எனக்குள்ள குறைகள், நாள்வாரியாக:

1. 24.6.2024, திங்கள். ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கற்பிப்பதற்காக, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்லாங்கட்டளை ஊரின் படம் ஒன்றை நகலெடுத்துக் கொடுத்தீர்கள். பேருந்து நிறுத்தம், கோயில், குளம், ரேஷன் கடை, அரிசி ஆலை எல்லாம் அதில் இருந்தன. வாய்க்காலுக்கு அந்தப்புறம் உள்ள காலனித் தெரு இல்லை.

2. அதே நாள். ‘என் வீடு எங்கே இருக்கிறது’ என்று ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னீர்கள். ஒன்பது பிள்ளைகளின் வீடு அந்தப் படத்தில் இல்லை. எட்டுப் பேர், தங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் என்று பொய் எழுதினார்கள்.

3. 25.6.2024, செவ்வாய். ஒன்பதாவது பிள்ளை கவியா. அவள் தன் தெருவைத் தானே வரைந்து எழுதிய விடையின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டீர்கள்.

4. அதே நாள், அதே பாடவேளை. அறிவுச்செல்வன் என்ற மாணவன், “டீச்சர், அது மேப்புலயே இல்லாத தெரு” என்று சொன்னான். வகுப்பு சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள்.

5. 26.6.2024 முதல் கவியா பள்ளிக்கு வரவில்லை. இன்றுடன் எட்டு நாட்கள் ஆகின்றன. ஏன் என்று பள்ளியிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

கவியா என் தங்கை காசியம்மாவின் மகள். நான் அவளுடைய தாய்மாமன். இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஆகவே தாங்கள் நடத்திய பாடத்தைப் பற்றிப் பேச எனக்கு உறவினால் மட்டுமன்றித் தொழிலாலும் உரிமை உண்டு.

‘பிஹைண்ட்’ என்றும் ‘ஆப்போசிட்’ என்றும் ‘நெக்ஸ்ட் டு’ என்றும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது எளிது. எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதுதான் இப்பாடத்தின் முதல் கேள்வி. கோயில் வாசலில் நிற்பவருக்கு எங்கள் தெரு பின்னால் இருக்கிறது. எங்கள் தெருவில் நிற்பவருக்குக் கோயில்தான் பின்னால் இருக்கிறது. இதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தானாகவே புரிந்துகொண்டு எழுதியிருக்கிறாள். அதற்குத் தாங்கள் கொடுத்த மதிப்பெண் என்ன என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

நேற்று என் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: “அண்ணே, இனிமே போவமாட்டேங்குதுண்ணே. நடவுக்கு ஒன்கூடயே வர்றேம்மாங்குது.” என் குடும்பத்தில் வயலிலிருந்து வகுப்பறைக்கு ஒருவர் வந்து சேர நான்கு தலைமுறைகள் ஆயின. திருப்பி அனுப்பத் தங்களுக்கு ஒரு பாடவேளை போதுமானதாக இருந்திருக்கிறது.

இதற்குத் தாங்கள் என்ன விளக்கம் வைத்திருக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

மு. மதியழகன்



திருமலைராயன்பட்டினம்
8.7.2024

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை பள்ளி முகவரிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

சிரிக்கவில்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். சிரித்தேன், ஐயா. பையன் சொன்ன வேகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கவியா அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வாயை மூடி என்ன பயன்?

பெருக்கல் குறி போட்டதற்கும் காரணம் சொல்ல வேண்டும். படத்தின் அடியில் ‘படத்தில் காட்டப்பட்டுள்ள இடங்களை மட்டும் பயன்படுத்துக’ என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அவள் படத்தின் சட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில் வரைந்திருந்தாள். விதியைப் பார்த்தேன், விடையைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு தாள்கள். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை எழுதும்போதே, இவை காரணங்களே இல்லை என்றும் தெரிகிறது.

எட்டு நாட்கள் யாரும் விசாரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை நான் தங்கள் தங்கை வீட்டுக்குப் போனேன். ஆறு ஆண்டுகளாக அந்த ஊரில் வேலை பார்க்கிறேன். வாய்க்கால் மதகைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. இதைத் தாங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

கவியாவின் அப்பா தங்கையன் அண்ணன் வாசலில் நின்றார். “வாங்க டீச்சர். மேப்புல இல்லாத தெருவுக்கு எப்புடி வழி கண்டுபிடிச்சீங்க?” என்றார். கேட்டுக்கொண்டே வந்தேன் என்றேன். காசியம்மா அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “உக்காருங்க. கழுவித்தான் போட்டுருக்கேன்” என்றார்கள். உட்கார்ந்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கவியா வெளியே வரவில்லை. “பெருக்கல் போட்டவங்ககிட்ட நான் பேச மாட்டேன்னு சொல்லும்மா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “காதுல வுழுந்துருக்கும், நான் வேற தனியா சொல்லணுமாக்கும்” என்றார்கள் அக்கா. கதவருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். மாவு சலிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்று வகுப்பிலும் எல்லார் முன்னாலும் நான் செய்தது தவறு என்று சொன்னேன். அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் கேட்க வேண்டியவள் வகுப்பில் இல்லையே.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த அனுமதியுங்கள். அந்தப் படத்தை நான் வரையவில்லை. பழைய ஆங்கில வழிகாட்டி ஒன்றிலிருந்து நகலெடுத்தேன். அதை எழுதியவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கொடுத்தது நான்தான். பொறுப்பும் என்னுடையதே.

தங்கள் உண்மையுள்ள,
தேவிகா



தலத்தெரு
11.7.2024

திருமதி தேவிகா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் வருத்தம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. வருத்தம் என்பது தங்களுடைய உடைமை. அதை வைத்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கவியா இன்றும் பள்ளிக்குப் போகவில்லை.

நேற்று முன்தினம் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பது முறை. என் முதல் கடிதத்தில் உள்ள ஐந்து குறைகளும் அதில் உள்ளன. விசாரணை முடியும்வரை தங்களைப் பாடம் நடத்த அனுமதிக்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறேன்.

தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் சினங்கொள்ளச் செய்த பகுதி அதன் கடைசிப் பத்தி. அந்த நூலாசிரியரின் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். ஏன்? அவர் தங்கள் உறவினரா? தங்கள் சாதிக்காரரா? அல்லது அச்சில் பெயர் வந்துவிட்ட ஒருவரை எங்களைப் போன்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பொதுவான நாகரிகமா?

அந்த மனிதரை நான் பார்க்காமலேயே சொல்ல முடியும். வாய்க்கால் மதகின் மேல் அவர் கால் பட்டிருக்காது. அறுவடைக்கு ஆள் தேவைப்பட்டபோது மட்டும் அவர் வீட்டார் அந்தத் தெருவை நினைத்திருப்பார்கள். ஓர் ஊரைப் படமாக வரைய உட்கார்ந்து, குளத்தின் நான்கு படித்துறைகளையும் கோயில் அரச மரத்தையும் நினைவில் கொண்டுவர முடிந்த ஒருவருக்கு, நாற்பது வீடுகள் நினைவுக்கு வரவில்லை. இது மறதி என்று நம்புவதற்கு நான் ஆயத்தமாக இல்லை. தாங்கள் சிரித்தது ஒரு கணம். அவர் யோசித்து, வரைந்து, அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். தங்களைவிட அவரே குற்றவாளி. அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரையும் புகாரில் சேர்ப்பேன்.

பெயரை எழுதுங்கள்.

மு. மதியழகன்



திருமலைராயன்பட்டினம்
15.7.2024

மதிப்பிற்குரிய ஐயா,

இத்துடன் இரண்டு பொருள்கள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, தாங்கள் கேட்ட பெயர் உள்ள புத்தகம். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பட்டினத்துக் கடைத்தெருவில் வாங்கியது. முப்பத்தேழாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. அட்டையில் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் பட்டங்களும் இருக்கின்றன.

அவர் என் உறவினர் இல்லை, ஐயா.

தங்கள் முதல் கடிதத்தின் அடியில் கையெழுத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். அதே தலைப்பெழுத்து, அதே பெயர். புத்தகத்தை எடுத்து முன்னுரையைப் பார்த்தேன். ‘நல்லாங்கட்டளையில் பிறந்தவன்’ என்று எழுதியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அன்று அப்படி எழுதினேன். தங்களுக்கு உண்மையிலேயே நினைவில்லை என்று இப்போது புரிகிறது. அல்லது படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள்.

கோபம் எனக்கும் வந்தது. மறைக்கவில்லை. 25ஆம் தேதி காலை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அதுவரை வகுப்புக்குப் போகக் கூடாது, நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் சிவக்குமார், “அந்தாளு புக்க கையோட எடுத்துட்டுப் போ. மேசைல போட்டுட்டு, பேசாம நில்லு. மிச்சத்த அதுவே பேசும்” என்கிறார். நான் எடுத்துப்போகப் போவதில்லை என்பதால்தான் தங்களுக்கு அனுப்புகிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. படத்தை யார் வரைந்திருந்தாலும் பெருக்கல் குறியைப் போட்டது நான்.

ஒன்று சொல்லலாமா? அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் நான் ஆங்கிலத்தில் தேறினேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் யாருமில்லை. நன்றி சொல்ல வேண்டிய ஒருவருக்கு முதன்முதலாக எழுதுவது இப்படி அமைந்துவிட்டது.

இரண்டாவது பொருள், கவியாவின் தாள். அவளுடைய ஐந்து வாக்கியங்களையும் தாங்கள் படிக்க வேண்டும்.

தேவிகா



தலத்தெரு
19.7.2024

திருமதி தேவிகா அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது. அட்டையில் இருப்பது நான்தான்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் தாங்கள் நம்பக்கூடும். தாங்கள் பெருந்தன்மையோடு எனக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் எழுதியது நினைவிருந்தது. அது இன்னும் ஒரு வகுப்பறையில் உயிரோடு இருக்கும் என்று எண்ணவில்லை; காதால் கேட்ட படம் என்னுடையதுதானா என்று பார்க்கவும் இல்லை. படத்தைப் பொறுத்தவரை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1996. எனக்கு இருபத்தேழு வயது. எம்.ஃபில். முடித்து வேலையில்லாமல் இருந்தேன். காரைக்காலில் அச்சகம் வைத்திருந்த வைத்தியலிங்கம் என்பவர், மாணவர்களுக்கு எளிய வழிகாட்டி வேண்டும் என்று என்னைக் கேட்டார். “லண்டன் படம்லாம் வேணாம் தம்பி. ஒங்க ஊரையே போடுங்க. பசங்களுக்கு அதான் புரியும்” என்றார். நல்ல யோசனை என்று மகிழ்ந்து வரைந்தேன். பென்சிலால் முழு ஊரையும் வரைந்தேன். வாய்க்காலும் மதகும் இருந்தன. மதகுக்கு அப்பால் எங்கள் தெருவும் இருந்தது. இடப்பக்கம் நான்காவது வீடு எங்களுடையது. அதற்குக் கதவுகூட வரைந்தேன்.

பிறகு மையால் எழுத உட்கார்ந்தபோது, ‘அது என்ன தெரு தம்பி?’ என்று வைத்தியலிங்கம் கேட்பார் என்று தோன்றியது. அவர் கேட்கவில்லை. எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பயந்து, ரப்பரால் நானே அழித்தேன். அழித்த இடம் வெள்ளையாக நின்றது. அதை நிரப்ப ஒரு கட்டம் போட்டு, ‘படத்தில் காட்டப்பட்டுள்ள இடங்களை மட்டும் பயன்படுத்துக’ என்று எழுதினேன். தாங்கள் கீழ்ப்படிந்த விதி, எங்கள் வீட்டின் மேல்தான் அச்சிடப்பட்டிருக்கிறது.

அதே பக்கத்தின் கடைசியில் மாதிரி விடை ஒன்று உண்டு. ‘என் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.’ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியிலும், திருமணப் பேச்சிலும், வங்கிப் படிவத்திலும் நான் சொல்லி வருகிற விடை அதுதான். கோயிலுக்குள் எங்களை விட்டதில்லை என்பதைக் கேட்டவர்கள் அறியார்கள். எட்டுப் பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்று தங்கள் மீது குறை சொன்னேன். அவர்கள் என் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கவியாவின் தாளைப் பற்றி. வாய்க்காலின் இரண்டு கோடுகளையும் அவள் சட்டத்துக்கு வெளியே இழுத்துச் சென்றிருக்கிறாள். மதகு போட்டிருக்கிறாள். நாற்பது வீடுகளுக்கு இடமில்லாததால் பதினொன்று வரைந்து, அதன் பின் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறாள். ஐந்து வாக்கியங்களும் பிழையற்றவை. என் முதுகலை மாணவர்கள் தடுமாறும் இடத்தில் அவள் தடுமாறவில்லை. கடைசி வாக்கியத்தின் பொருள்: ‘கோயில் எங்கள் தெருவுக்கு எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.’

மொஹரம் விடுமுறையன்று நல்லாங்கட்டளைக்குப் போனேன். தலத்தெருவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். கடைசியாகப் போனது என் தந்தையின் கருமாதிக்கு. ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தாங்கள் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைதான் மதகைத் தாண்டினீர்கள் என்று படித்து ஏளனமாக முறுவலித்தவன் நான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தை எடுத்துப்போயிருந்தேன். தங்கையனும் காசியம்மாவும் இருந்தார்கள். கவியா என் எதிரில் உட்கார்ந்து முப்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

“மாமா, இது நீங்களா?”

“நாந்தான்.”

“நம்ம தெரு?”

“வரைஞ்சேன். அப்புறம் அழிச்சிட்டேன்.”

“யாரு அழிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

அவள் கொஞ்ச நேரம் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “அப்ப டீச்சருக்கு ஏன் மாமா லெட்டர் போட்டீங்க?” என்றாள்.

காசியம்மாதான் குறுக்கே புகுந்து, “போடீ, பெரியவங்கள கேள்வி கேட்டுக்கிட்டு” என்று அதட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, “அவ கேக்குறதுல என்னண்ணே தப்பு?” என்றாள். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போன தங்கையன் நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

பள்ளிக்குப் போகச் சொன்னேன். கவியா சொன்னாள்: “டீச்சர் வந்து சாரி சொல்லிட்டாங்க. கிளாஸ்லயும் சொன்னாங்களாம், நம்ம தெரு வினோதா வந்து சொன்னுச்சு. ஆனா அவனுங்க இப்பவும் மேப்புல இல்ல, மேப்புல இல்லன்னுதான் வினோதாவ கூப்புடுறானுங்க. நீங்க வந்து சொல்லுங்க மாமா. இங்க சொன்னத கிளாஸ்ல சொல்லுங்க. அப்பறம் போறேன்.”

நான் ‘சரி’ என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். எனக்கு அன்று மாலை வேலை இருப்பதாகவும் சொன்னேன். வேலை எதுவும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து காரைக்கால் வரும்வரை, முப்பது பிள்ளைகள் முன்னால், அறிவுச்செல்வன் முன்னால், நான் எந்தத் தெருக்காரன் என்று சொல்லாமலேயே இதை முடித்துவிடும் வழிகளைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்று வழிகள் கண்டுபிடித்தேன். மூன்றும் நல்ல ஆங்கிலத்தில் எழுதத் தக்கவை.

நேற்றுக் காலை கல்வி அலுவலகத்துக்குச் சென்று என் புகாரைத் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற இடத்தில், பயிற்சியை எழுதியவன் நான் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். முப்பத்தேழாம் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். எழுத்தர், “சார், இதெல்லாம் எழுதணும்னு இல்ல சார், வாபஸ்னு ஒரு வரி போதும்” என்றார். திங்கள் முதல் தாங்கள் வகுப்புக்குத் திரும்பலாம் என்று ஆணை வரும். இதற்காகத் தாங்கள் எனக்கு நன்றி சொல்லக் கூடாது. ஒரு வாரம் நூலகத்தில் உட்கார வைத்தவனுக்கு நன்றி எதற்கு?

தங்கள் பெருக்கல் குறியை நான் மன்னிக்கவில்லை. அதை மன்னிக்கும் தகுதி கவியாவுடையது. என்னையும் தாங்கள் மன்னித்து எழுத வேண்டாம். எனக்குத் தங்களிடமிருந்து வேண்டியது வேறு.

ஏழாம் வகுப்பில் நான் வந்து பேசத் தாங்கள் அனுமதி தர வேண்டும். ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்’ என்று எழுதாதீர்கள். நான் எப்போதும் வர மாட்டேன். தொலைபேசியிலும் சொல்லாதீர்கள், பேச்சில் நழுவ எனக்கு நன்றாகத் தெரியும். நாளையும் பாடவேளையையும் எழுதுங்கள். அன்று கவியா வகுப்பில் இருப்பாள் என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள், நான் பின்வாங்கினால் அவளுக்குத் தெரிய வேண்டும்.

தங்கள் பதில் எழுத்துமூலமாக, தங்கள் கையொப்பத்துடன், வரும் 23.7.2024, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால், போகாமலிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தயவுசெய்து அதை எனக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மு. மதியழகன்
காலனித் தெரு, நல்லாங்கட்டளை
(தற்போது தலத்தெரு)